தாடைக் கட்டு

இரண்டாவது முடிச்சையும் இறுக்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரை கைக்கு வேலை இருந்தது. பழைய பருத்திப் போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிளந்து, நாலு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, அப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்து, இரண்டு காதுக்குப் பின்னாலும் ஏற்றி, உச்சந்தலையில் கொண்டுவந்து கட்டினாள். தொங்கிக் கிடந்த வாய் மூடிக்கொண்டது. உதடு இரண்டும் சேர்ந்ததும் மனிதர் யாரிடமோ கோபித்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பவர் மாதிரி ஆகிவிட்டார். அப்பா கோபத்தில்கூடப் பேசாமல் இருந்தவரில்லையே என்று நினைத்தாள். அதற்குத்தான் அழுதாள்.

பேச்சுதான் அவருக்குப் பிழைப்பே. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது, யாருடைய பிள்ளை காணாமல் போய் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்று ஆயுள் முழுக்கச் சொன்ன வாய். ‘மைக்’ என்றால்தான் அவரைத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டையே பேருந்து நிலையமாக்கிவிட்டார். குளியலறை காலியானால் அறிவிப்பு, பால் பொங்கினால் அறிவிப்பு. பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் மகளுக்குப் ‘பார்சல்’ என்று பெயர். வந்த வேகத்தில் போகிற மகனுக்கு ‘எக்ஸ்பிரஸ்’. கொஞ்சம் வாயை மூடுங்களேன் அப்பா என்றால், “நான் செத்தாலும் இது தானா மூடாதுடி, நீதான் வந்து கட்டணும்” என்பார்.

அது வேடிக்கைப் பேச்சு மாதிரி இருக்கும், வேடிக்கை இல்லை. அம்மா போனபோது ஆளாளுக்கு அழுததில் வாயை மூடிவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. உடம்பு விறைத்துப்போன பிறகு எவ்வளவோ பார்த்தும் முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்த வேகத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ கூட்டிவந்த சின்னப் பிள்ளை ஒன்று, அவங்க ஏன் கத்துறாங்க என்று கேட்டேவிட்டது. அப்பா அதைக் கடைசிவரை மறக்கவில்லை. இதயம் பெருத்து, மாடிப்படி ஏற முடியாமல் கட்டிலோடு கிடந்த நாட்களில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை அப்படிப் போட்டுடாதே, விறைக்கிறதுக்கு முன்னாடி கட்டிடு, யாரையும் எதிர்பார்த்துத் தாமதிக்காதே என்று வாக்கு வாங்கியிருந்தார்.

அவள் தாமதிக்கவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அறைக்குள் வந்தவள், வாய் திறந்து கண் பாதி மூடிக் கிடந்தவரைப் பார்த்தாள். அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். தோளை அசைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. உடனே போர்வையைத் தேடி ஓடினாள்.

பார்சல் ஆபீசில் பொதி கட்டிப் பழகிய கை. கடல் தாண்டிப் போகிற பொதியும் அவள் கட்டினால் போய்ச் சேரும்வரை அவிழாது. தளர்வாகக் கட்டு என்று யாராவது சொன்னாலும் அந்தக் கைக்கு அது வராது.

மறுநாள் காலையில் எடுப்பதாக ஏற்பாடு. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம்தான், எதிர்பார்த்ததுதானே என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார். தம்பி அழுது முகம் வீங்கிப்போய், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். விடிந்ததும் சவ வண்டி வாசலில் வந்து நின்று பின்கதவைத் திறந்துகொண்டது. அப்போதுதான் சித்தப்பா, இனிமேல் கட்டு வேண்டாம், முகத்தை எல்லாரும் நல்லபடியாகப் பார்க்கட்டும் என்று அவிழ்க்கப் போனார். அவிழ்ந்தால்தானே. நகத்தால் நோண்டிப் பார்த்து, கத்தரிக்கோல் வாங்கி வெட்டினார்.

துணி விலகிய இடத்தில், தாடைக்கு அடியில், ஒரு காதிலிருந்து மறு காதுக்கு, பழுப்பும் சிவப்புமாக ஒரு பட்டை தெரிந்தது.

சித்தப்பா கத்தரிக்கோலோடு அப்படியே நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் என்றால் உயிரை விடுவார். அதுதான் வினையாகப் போயிற்று. முதல் நாள் காலையில் வீட்டில் நடந்த சண்டையை மாடி வீட்டு டீச்சர் அவர் காதில் போட்டிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதிலும் அந்த டீச்சர் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் ஒப்பிப்பவள்.

சண்டை இதுதான். தம்பி லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன எதையும் மேலேயோ கீழேயோ கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு படுக்கை பிடித்துவிட்டு வந்து, கிளம்புங்க என்றான். அப்பா மாட்டேன் என்றார். என்னைத் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்க்கிறாயா என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தம்பிக்கும் அப்பாவின் தொண்டைதான். “இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா உங்க வாயை நானே மூடிடுவேன்” என்று அவன் கத்தியது மாடி வரை போனது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனது அதற்கு மேலும் கேட்டிருக்கும்.

அவன் போன பிறகு அப்பா அரைக் கோப்பை டீ குடித்தார். எக்ஸ்பிரஸ் திரும்பி வரும் பார், சாயங்காலம் அதே மேடையில் நிற்கும் என்றார். அதற்குப் பிறகுதான் படுத்தார். இது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

சித்தப்பா வெளியே போய்ப் போலீசுக்குப் போன் செய்தார். வந்த வண்டி வெறும் வண்டியாகத் திரும்பியது. அப்பாவை வேறொரு வண்டியில் ஏற்றினார்கள். தம்பியை இன்னொன்றில்.

பட்டை நான் கட்டிய கட்டுதான் சார் என்று அவள் முதல் நாளே சொன்னாள். போலீசில் சொன்னாள், பெரிய அதிகாரியிடம் சொன்னாள், சித்தப்பா காலில் விழாத குறையாகச் சொன்னாள். வேடிக்கை என்னவென்றால், யாரும் அதை மறுக்கவில்லை. நீ கட்டினாய், சரி; அது செத்த பிறகு கட்டியது; அதே இடத்தில் அதற்கு முன்னாலேயே உன் தம்பி இறுக்கியிருக்கிறான் என்றார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் அப்படி எழுதியிருந்தார். பட்டைக்கு அடியில் தோலைத் திறந்து பார்த்தபோது ரத்தக் கசிவு இருந்ததாம். இதயம் பழுதுபட்டிருந்தது உண்மை, ஆனால் கழுத்து இறுக்கப்பட்டுத்தான் உயிர் போயிருக்க வேண்டும் என்பது அறிக்கை.

ரத்தக் கசிவு என்றால் என்ன என்பதைத் தம்பிக்காக வைத்த வக்கீல்தான் அவளுக்கு விளக்கினார். பெருத்த உடம்பு, சதா வாயில் ஒரு இருமல் மிட்டாய். அவருடைய அறையில் கட்டுக்கட்டாகக் காகிதம். உட்கார்ந்ததும் அவள் கை தன்னையறியாமல் அவிழ்ந்து கிடந்த ஒரு கட்டை எடுத்து இறுக்கிக் கட்டி வைத்தது. அவர் அதைப் பார்த்தார். குழாயைத் திருகி மூடிய பிறகு தண்ணீர் வருமா என்று கேட்டார். வராது என்றாள். உடம்பும் அப்படித்தான், உயிர் போன பிறகு கட்டினால் தடம் விழும், ரத்தம் கசியாது, இங்கே கசிந்திருக்கிறது என்றார்.

“அப்போ டாக்டர் சொல்றது சரியா சார்?”

“அந்த அம்மா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். பொய் சொல்ற ஆள் கிடையாது. அதுதான் நமக்குக் கஷ்டம்.” மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். “உயிர் இருக்கும்போதுதான் அந்தக் கசிவு. அப்படின்னா ரெண்டுல ஒண்ணு. உயிர் இருக்கும்போது உன் தம்பி இறுக்கினான். இல்லைன்னா...”

அவர் முடிக்கவில்லை. அவளுக்கும் உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீல் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன் கட்டு அவரைக் கொன்றது என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை, மூக்கு திறந்துதான் இருந்தது, அவர் கிளம்பிவிட்டவர், உன்னால் அவர் கிளம்பவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஆனால் கூண்டில் ஏறி நின்று, கட்டும்போது உயிர் இருந்ததா இல்லையா எனக்குத் தெரியாது என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். செத்துவிட்டார் என்று நிச்சயமாகச் சொன்னால் தம்பி உள்ளே போவான்.

“நான் நெஞ்சுல கை வச்சுப் பார்த்தேன் சார்.”

“பார்த்தே. நிச்சயமா தெரிஞ்சுதா?”

அவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் சிறையில் தம்பியைப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் பாதியாக இளைத்திருந்தான். வக்கீல் அவனிடமும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அப்படிச் சொல்லாதேக்கா.”

“சொல்லாம?”

“நான் இருந்துக்கிறேன். கொஞ்ச வருஷம்தான். நான் ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியும், அது போதும். நீ அப்படிச் சொன்னேன்னா அது கோர்ட்டோட முடியாது. உன்கூடவே வீட்டுக்கு வரும்.”

பைத்தியக்காரன் மாதிரிப் பேசாதே என்று அவனை வைதாள். காவலர் நேரமாகிவிட்டது என்றார். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது, உள்ளே உட்கார்ந்துகொண்டு இவன் தனக்காகக் கவலைப்படுகிறானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவனைப் பெற்றது அம்மா, வளர்த்தது அவள். கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாமல் போனதற்கு அவள் யாரையும் குறை சொன்னதில்லை. இருப்பது இவன் ஒருவன். வீட்டுக்கு எது கூட வந்தாலும் வரட்டும், இவனும் வர வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டாள்.

மறுநாள் கோர்ட்டில், சாட்சி சொல்லும்வரை உள்ளே விட மாட்டார்கள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதலில் டீச்சர் போய்விட்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நான் கேட்டதைத்தாம்மா சொன்னேன் என்றாள். பிறகு சித்தப்பா. அவர் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். அதன் பிறகு டாக்டரைக் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்ட ஒல்லியான அம்மாள். கையில் அறிக்கை, காலில் சத்தமே கேட்காத செருப்பு. இவ்வளவு நாளும் மனத்துக்குள் திட்டித் தீர்த்த ஆள் இவ்வளவு சாதாரணமாக இருப்பாள் என்று அவள் நினைக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அவளைக் கூப்பிட்டபோது டாக்டர் வெளியே வரவில்லை. முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். எதிர்க் கூண்டில் தம்பி நின்றான். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் ஏறினாள்.

வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொன்னாள். தம்பி போன பிறகு அப்பா அரைக் கோப்பை டீ குடித்தார் என்றாள். அம்மாவின் வாயைப் பற்றிச் சொன்னாள், அந்தப் பிள்ளை கேட்டதைச் சொன்னபோது நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வாக்கு வாங்கியதைச் சொன்னாள். எப்படிக் கட்டினாய் என்று கேட்டபோது கையால் காற்றில் காட்டினாள்.

அரசு வக்கீல் எழுந்தார். உயரமான ஆள், தணிந்த குரல். செத்தவருக்குத் தாடைக் கட்டு யாரும் போடுவதுதான், அது வாய் மூடிக்கொள்கிற அளவுக்குத்தான் இருக்கும். தோலை அறுக்கிற மாதிரி யாராவது கட்டுவார்களா, அதுவும் பெற்ற தகப்பனை, என்று கேட்டார். என் கை அப்படித்தான் கட்டும் என்றாள். அவர் லேசாகச் சிரித்தார்.

அப்போதுதான் தம்பியின் வக்கீல் அந்தக் காரியத்தைச் செய்தார். பையிலிருந்து ஒரு பருத்தித் துணிப் பட்டையை எடுத்து, அவள் கட்டட்டும், எனக்கே கட்டட்டும் என்றார். நாடகம் போடுகிறார் என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி டாக்டரைப் பார்த்தார். பார்த்தால் எனக்கும் உதவும் என்று டாக்டர் உட்கார்ந்தபடியே சொன்னார்.

ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கூண்டுக்கு அருகில் போட்டார்கள். வக்கீல் மிட்டாயை விழுங்கிவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து, தலையைச் சாய்த்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை. இறங்கி வந்து துணியை வாங்கினாள்.

தாடைக்கு அடியில் கொடுத்தாள். இடது கையால் தாடையை ஏந்தி மேலே தள்ளினாள். துணி காதுக்குப் பின்னால் ஏறியது. உச்சியில் முதல் முடிச்சைப் போடுவதற்காக முன்னால் குனிந்தபோது, தாடையை ஏந்திய கையின் மணிக்கட்டில் சூடாக ஒன்று பட்டது. ஒரு வினாடி அது என்னவென்று தெரியவில்லை. வக்கீலின் மூச்சு. மிட்டாய் வாசனையோடு, ஈரமாக, வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

அவள் கை நின்றுபோயிற்று.

அன்றைக்கு இப்படிப் பட்டதா? இதே கை, இதே மணிக்கட்டு. அன்றைக்கும் இப்படித்தான் குனிந்தாள். அவள் அந்த நாளுக்குள் போய்த் தேடினாள். போர்வை கிழிந்த சத்தம் கிடைத்தது. காதுக்குப் பின்னால் நரைமுடி விரலில் சிக்கியது கிடைத்தது. கட்டில் பக்கத்தில் மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் நிறுத்தவில்லை. அப்பாவுக்குப் புழுக்கம் ஆகாது என்று இரவும் பகலும் ஓடிய விசிறி. கை முழுக்கக் காற்றாகத்தான் இருந்தது. விசிறிக் காற்றும் மூச்சும் ஒன்றா என்று யாராவது கேட்டால் இல்லை என்பாள், இது சூடு, அது குளிர்ச்சி. ஆனால் போகிற உயிரின் மூச்சு எவ்வளவு சூடாக இருக்கும்? அவள் எவ்வளவோ தேடியும் மணிக்கட்டு பேசவில்லை.

“கட்டுங்கம்மா” என்று நீதிபதி மெதுவாகச் சொன்னார்.

கட்டினாள். முதல் முடிச்சு. இரண்டாவது முடிச்சு. கை தன் வேலையைத் தானே செய்தது. வக்கீலின் கண் பிதுங்கி, முகம் சிவந்தது. போதும், அவிழ்க்கலாம் என்றார்கள். வக்கீல் பேச முடியாமல் கையை ஆட்டினார். அவள் அவிழ்க்கப் பார்த்தாள், அவளாலேயே முடியவில்லை. குமாஸ்தா கத்தரிக்கோல் தேடி மேசை மேசையாக ஓடினார். சிரிப்பு இப்போது தாராளமாகவே கிளம்பியது, நீதிபதியே குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அரசு வக்கீல் கேட்டார். அவருக்குச் சிரிப்பு இல்லை.

“நீங்க கட்டும்போது உங்க அப்பாவுக்கு உயிர் இருந்துச்சா, இல்லையாம்மா?”

“தெரியாது சார்.”

வக்கீல் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதற்காகத்தான் ஏறியிருந்தாள். இப்போது அது சொல்லிக்கொடுத்த பேச்சாக இல்லை. எதிர்க் கூண்டில் தம்பி கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து வக்கீலின் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவெடுத்தார், தன்னிடமிருந்த படத்தோடு ஒத்துப்பார்த்தார். பிறகு கூண்டில் ஏறினார். இந்தப் பட்டையின் அகலமும் சாய்வும் காதுக்குப் பின்னால் ஏறுகிற விதமும் அறிக்கையில் உள்ளதோடு பொருந்துகின்றன என்றார். கழுத்தை இறுக்குபவர்களின் தடம் பொதுவாகக் கீழே, குறுக்காகச் சுற்றிப் போகும். இது மேலே ஏறுகிறது. தாடைக் கட்டு இவ்வளவு அழுத்தம் தரும் என்று நான் நினைத்திருக்கவில்லை, அதனால் அதை ஒதுக்கிவிட்டேன், ஒதுக்கியிருக்கக் கூடாது என்றார். மூச்சடைப்புக்கு அடையாளமாக நுரையீரலில் கண்டதெல்லாம் பழுதான இதயத்தாலும் வரும் என்று ஒப்புக்கொண்டார்.

கசிவைப் பற்றி வக்கீல் கேட்டார். அவர் தாடையில் இன்னும் சிவப்பு இருந்தது.

“உயிரோடு இருந்தபோது என்று எழுதினேன். இன்னும் சரியாகச் சொல்ல வேண்டுமானால், இறப்பதற்குச் சற்று முன்னால், அல்லது இறந்த சற்று நேரத்துக்குள். அந்த எல்லையில் நடந்ததை முன்னால், பின்னால் என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. என்னால் சொல்ல முடியாது.”

வக்கீலுக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து, அடுத்த கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் கேட்கவில்லை.

வெளியே மாடிப்படியில் டாக்டரைப் பிடித்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“டாக்டர், அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? கட்டினது... வலிச்சிருக்குமா?”

டாக்டர் நின்றார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“உள்ளே சொன்னதுதாம்மா எனக்குத் தெரியும்.”

“கோர்ட்டுக்காக இல்லை டாக்டர். எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“அதுக்கு மேல நான் சொன்னா அது ஆறுதலாத்தான் இருக்கும். உண்மையான்னு எனக்கே தெரியாது.” பிறகு, “வீட்டுல யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“தம்பி வந்துடுவான்” என்றாள்.

வந்தான். தீர்ப்பு சொன்ன அன்று, சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுவிப்பதாக நீதிபதி படித்தபோது, சித்தப்பா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினார். தம்பி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அக்காவும் தம்பியும் பேருந்தில் வீடு வந்து சேர்ந்தார்கள். வழி முழுக்க அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், சின்னப் பிள்ளையைக் கூட்டிவருவது மாதிரி.

வீட்டில் அவள் முட்டை பொரித்து, ரொட்டி சுட்டு, டீ போட்டாள். அவன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மாடியில் டீச்சர் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தானே தவிர வாயில் போடவில்லை.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல.”

“சொல்லு.”

“அன்னைக்குக் காலைல நான் போனேன் இல்ல? சண்டை போட்டுட்டு. அப்புறம் மனசு கேக்காம திரும்பி வந்தேன். நீ பின்னாடி துணி துவைச்சுக்கிட்டு இருந்தே. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அப்பா அப்பவே போயிட்டாரு. தொட்டுப் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆயிருக்கும் போல. பயந்துபோய் உன்கிட்டகூடச் சொல்லாம போயிட்டேன்.”

அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள்.

அன்று காலை கதவை அறைந்துவிட்டுப் போனவன் நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு கட்டடத்தில், நடுமாடியில் நின்றுபோன லிஃப்டின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு வேலை பார்த்த ஆளே கோர்ட்டில் வந்து சொன்னார். அவள் போன் செய்தபோது அங்கிருந்துதான் ஓடி வந்தான். அதெல்லாம் அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“ஜில்லுனு இருந்தாரா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா. நல்லா ஜில்லுனு.”

அவள் கண்ணையே பார்த்துச் சொன்னான். உண்மை பேசும்போது அவன் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் பேசுவான்.

“அப்படின்னா சரி” என்றாள் அவள். “சாப்பிடு, ஆறுது.”

அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். பிறகு இன்னொன்று. பசி இருந்திருக்கிறது. கன்னம் உப்பி, தாடை மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. அவள் தன் தட்டைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.